கேள்வியும் பதிலும்: ஆள்மேல் ஆள் ஏறும் வால்ஸ் நகரம்

சென்ற இதழின் பின்னட்டையில் ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியைச் சேர்ந்த வால்ஸ் நகரத்து மனிதக் கோபுரப் படத்தைப் போட்டு, கீழே இரண்டே வரி எழுதியிருந்தோம். இரண்டு வரி போதாது என்று மலையகத்தின் நாலாபக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

இந்த வால்ஸ் எங்கே இருக்கிறது? கோபுரம் கட்டுவதைத் தவிர அங்கே வேறென்ன விசேஷம்? (ஹட்டன்)

பார்சிலோனாவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரம். கடற்கரையில் இருக்கும் தாரகோனா நகரத்திலிருந்து வடக்கே 20 கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். மக்கள் தொகை 25,000 அளவில்தான். சுற்றிலும் திராட்சை, ஒலிவ், பாதாம், ஹேசல் கொட்டைத் தோட்டங்கள். புனித யோவான் தேவாலயத்தின் மணிக்கோபுரம் 74 மீற்றர் உயரம். ஊருக்குள் வருமுன்பே அதுதான் கண்ணில் படும்.

பழைய ஊரில் யூதர்கள் வாழ்ந்த தெரு இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பார்க்காமல் வரக்கூடாதது ரொசேர் சிற்றாலயம். 1571இல் நடந்த லெப்பாந்தோ கடற்போரை 1605ஆம் ஆண்டு வண்ண ஓடுகளில் தீட்டி அதன் சுவரில் பதித்திருக்கிறார்கள். கப்பல், துடுப்பு, புகை எல்லாம் ஓடு ஓடாக. 1809 பெப்ரவரியில் நெப்போலியனின் படை ஸ்பானியப் படையைத் தோற்கடித்த சண்டையொன்றும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் நடந்தது. ஆனால் வால்ஸ்காரரிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் போரைச் சொல்லமாட்டார்கள். கோபுரத்தையும், நெருப்பில் கருக்கித் தின்னும் ஒரு வெங்காயத்தையும்தான் சொல்வார்கள்.

‘எட்டில் மூன்று’, ‘ஒன்பதில் நான்கு’ என்று கணக்குப்போல் சொல்கிறார்களே, அது என்ன? எப்படிக் கட்டுகிறார்கள்? பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளை வைத்துச் செய்யலாமா? (தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர்)

முன்னால் வரும் எண் மொத்தம் எத்தனை அடுக்கு என்பது. பின்னால் வரும் எண் ஓர் அடுக்கில் எத்தனை பேர் என்பது. எட்டில் மூன்று என்றால் அடுக்குக்கு மூவர், எட்டு அடுக்கு. ஆனால் மேல் மூன்று அடுக்கும் ‘அடுக்குக்கு மூவர்’ என்ற கணக்கில் சேராது. பெரும்பாலான கோபுரங்களில் உச்சிக்கு முந்திய பகுதியில் இரண்டு சிறுவர், அவர்களுக்கு மேலே குனிந்து நிற்கும் ஒரு சிறுவர், அவரைத் தாண்டிப் போகும் ‘என்ஷனேட்டா’ என்ற கடைசிப் பிள்ளை. ஆகவே எட்டில் மூன்றின் தண்டில் கீழ் ஐந்து அடுக்குக்குப் பதினைந்து பேர், மேலே நால்வர், ஆக 19 பேர்.

அந்தப் பத்தொன்பது பேரை மட்டும் எண்ணினால் கோபுரம் விளங்காது. தரையில் நிற்கும் மூவரைச் சுற்றி நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்பார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் பின்யா. பார்க்க வெறும் தள்ளுமுள்ளு. உண்மையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் குறித்தபடி இருக்கிறது. அடியாட்களின் அக்குளுக்குக் கீழே தோள்கொடுக்கும் குட்டையானவர்கள், முதுகோடு நெஞ்சை ஒட்டி நிற்பவர், கையை நீட்டி இரண்டாம் அடுக்கினரைத் தாங்கும் நெட்டையர்கள், இரண்டு தூணுக்கு நடுவே பக்கவாட்டில் பிடிப்பவர்கள் என்று வரிசை வரிசையாக. ஆளைப் பிடித்து இடத்தில் வைப்பது பலத்தைப் பார்த்தல்ல, உயரத்தைப் பார்த்து. ஒருவர் அரை அங்குலம் அதிகமாக இருந்தாலும் அந்த வரிசையில் அழுத்தம் தப்பிவிடும்.

சுமையைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு தூணில் இரண்டாமவர் 75 கிலோ, மூன்றாமவர் 70, நான்காமவர் 60, ஐந்தாமவர் 50 என்று வைத்தால் 255 கிலோ. உச்சியில் நிற்கும் நால்வரின் எடை 105 கிலோ என்று கொண்டு மூன்றால் வகுத்தால் இன்னும் 35. அடியில் நிற்பவர் தோளில் ஏறத்தாழ 290 கிலோ. பின்யா நாலாபக்கமும் நெருக்கி அந்த மனிதரை நிமிர்த்தி வைத்திருப்பதால்தான் அவர் முழங்கால் மடங்காமல் நிற்கிறார். ஒன்பது அடுக்குக்குப் போகும்போது பெரும்பாலும் பின்யாவின் மேலேயே இரண்டாவது கூட்டமொன்றை ஏற்றுவார்கள். பத்து அடுக்கென்றால் மூன்றாவதும் வரும்.

இடுப்பில் சுற்றும் கறுப்புத் துணிப்பட்டை அலங்காரத்துக்கு அல்ல. முதுகெலும்பைக் கட்டிப் பிடிப்பதும் அதுதான், ஏறுகிறவருக்குக் கால்வைக்கும் படியும் அதுதான். ஒருவர் நுனியை இழுத்துப் பிடிக்க, கட்டுகிறவர் சுழன்று சுழன்று சுற்றிக்கொண்டு வருவார். தொய்வாகக் கட்டினால் ஏறுகிறவரின் கால் சறுக்கும். வெறுங்காலோடுதான் ஏற வேண்டும்.

என்ஷனேட்டா உச்சியில் கையை உயர்த்தியதும் கோபுரம் ‘ஏற்றியது’ ஆகும். எல்லோரும் விழாமல் இறங்கினால்தான் ‘இறக்கியது’. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். ஏறும்போது தாங்கிய தோள் இறங்கும் நேரத்துக்குள் களைத்துப்போய் நடுங்கும். மேலே ஆரவாரம் கேட்டதும் கீழே கவனம் குலையும். பழகாத குழுக்களுக்குப் பெரும்பாலும் இங்கேதான் பிசகும். மற்ற பிசகுகள்: மூன்று தூணுக்கும் இடைவெளி சமமில்லாமல் தண்டு விரிந்துபோதல், கோபுரம் மெல்லத் திருகிக்கொள்ளுதல், ஏறுகிறவர் தயங்கி நேரத்தைத் தின்னுதல். தலைவருக்குச் சந்தேகம் வந்தால் பாதியில் கலைக்கச் சொல்லிவிடுவார். அது அவமானம் அல்ல.

பாடசாலைக்கு வருவோம். காங்கிறீட் மேடையிலோ சிமெந்து முற்றத்திலோ, இரண்டு கிழமை ஒத்திகையோடு மூன்று அடுக்கு ஏற்றுவது வேண்டவே வேண்டாம், ஆசிரியரே. பின்யாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் நெஞ்சை முன்னால் நிற்பவரின் முதுகோடு ஒட்டி, கையை நீட்டி, நாடியை நெஞ்சோடு சேர்த்து வட்டமாக நெருங்கி நிற்கும் பயிற்சி. அண்ணாந்து பார்க்கக்கூடாது என்பதை முதல் நாளிலேயே பழக்க வேண்டும். மேலிருந்து ஆள் விழுந்தால் அண்ணாந்த முகமும் கழுத்தும்தான் அடி வாங்கும். நடுவில் ஒருவர் தோளில் ஒருவர் நின்று கைகாட்டி இறங்கினாலே மைதானத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கோபுரம் ஏறும்போது ஊதுகிறார்களே, அது நாதஸ்வரமா? கொட்டு எதற்கு? (கொட்டகலையிலிருந்து தப்புக் கலைஞர் ஒருவர்)

அந்தக் குழலுக்குப் பெயர் கிரால்யா. நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டைச் சீவாளி, கூம்பாக விரியும் உடல், ஆனால் நீளம் 35 சென்ரிமீற்றர்கூட வராது. பழைய கிரால்யாக்களை இலந்தை இன மரத்தில் கடைந்தார்கள். சத்தம் கூராக, திறந்த வெளியில் வெகுதூரம் போகும். கூடவே தோளில் மாட்டி அடிக்கும் சிறு மேளம்.

இசை அங்கே வேலை செய்கிறது. பின்யாவில் நாடியைத் தாழ்த்தி நிற்கிறவருக்கு மேலே என்ன நடக்கிறதென்று தெரியாது. மூன்றாம் அடுக்கினர் ஏறும் கட்டத்தில் வழக்கமாக ஊதத் தொடங்குவார்கள். அதற்கு முன் ஊதமாட்டார்கள், அடித்தளம் பிடிக்கவில்லையென்றால் சத்தமின்றிக் கலைத்துவிடலாம் என்பதற்காக. பிறகு ஒவ்வோர் அடுக்குக்கும் மெட்டு நகரும். என்ஷனேட்டா கையுயர்த்தும்போது வேறு மெட்டு. கீழே கண்ணை மூடி நிற்பவர் காதாலேயே உயரத்தைத் தெரிந்துகொள்வார். பெரட்டுக்குத் தப்படித்து ஆளைக் கூட்டிய தோட்டத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குழலூதுகிறவர் கோபுரத்தைப் பார்த்தபடியே ஊத வேண்டும். அடுக்கை முந்தி மெட்டைப் போட்டால் பின்யா தப்பாகக் கணக்குப் போட்டு முன்னதாகவே களைத்துவிடும்.

ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு உயரத்தில் ஏற்றுகிறார்களே, பெற்றவர்களுக்கு மனசு வருமா? சட்டம் கேட்காதா? (பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்)

கேட்பது நியாயம். உச்சியில் பாரம் கூடினால் கோபுரம் ஆடும், அதனால் சிறுபிள்ளைகளை விட்டால் வழியில்லை. 2006இல் மத்தரோ நகரக் குழுவின் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் உச்சி மூன்று அடுக்குப் பிள்ளைகளும் தலைக்கவசம் போடும் வழக்கம் நிலைபெற்றது. மோட்டார் சைக்கிள் கவசம்போல் கடினமானதல்ல. பிள்ளையின் தலை பெரியவர்களின் பல்லிலும் மூக்கிலும் இடிக்கும் என்பதால் வெளிப்புறம் மெத்தென்றிருக்கும்படி செய்தது.

பெற்றோரின் சம்மதம், காப்புறுதி, ஒத்திகைக் கூடத்தில் வலை, இவை எல்லாம் உண்டு. 1989இல் அமைந்த குழுக்களின் கூட்டமைப்பொன்று இவற்றைக் கவனிக்கிறது. பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் அதே குழுவில் பின்யாவில் நிற்பவர்கள். விழுந்தாலும் பெரும்பாலும் தரையில் விழுவதில்லை, நூறு பேரின் தோளிலும் கையிலும்தான் விழும். அதற்காக ஆபத்தே இல்லை என்று நாங்கள் எழுதமாட்டோம். பிள்ளை மாட்டேன் என்று சொன்னால் அன்றைக்குக் கோபுரம் இல்லை. அந்த ஒழுங்கை மீறும் குழுவைப் பார்த்தால் கைதட்ட வேண்டாம்.

அங்கே வெங்காயத் திருவிழா நடக்குமாமே. நான் நுவரெலியாவில் லீக்ஸ் போடுகிறவன். அந்த வெங்காயத்தை இங்கே போடலாமா? (நுவரெலியா விவசாயி)

அதன் பெயர் கல்சொட். தனிப் பயிர் அல்ல, பெரிய வெங்காயத்தை இரண்டாம் முறை நட்டு எடுக்கும் முளைத்தண்டு. முதல் முறை விதை போட்டு, நாற்று நட்டு, கோடையில் கிழங்கை எடுத்து உலர வைப்பார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் அதே கிழங்கை மறுபடி மண்ணில் வைப்பார்கள். முழுதாகப் புதைக்காமல், முதுகு வெளியே தெரியும்படி. கிழங்குக்குக் கிழங்கு 30 முதல் 35 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 75 முதல் 80. முளை சீராக வரட்டுமென்று சிலர் கிழங்கின் தலையைச் சீவிவிட்டு நடுவதுண்டு. ஒவ்வொரு கிழங்கும் நான்கு முதல் பத்துத் தண்டு விடும். தண்டு உயர உயர இரண்டு மூன்று முறை மண் அணைக்க வேண்டும். வெளிச்சம் படாத பகுதி வெள்ளையாக, இனிப்பாக, மிருதுவாக வரும். லீக்ஸுக்கு நீங்கள் செய்வதேதான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அறுவடை.

‘வால்ஸ் கல்சொட்’ என்று பெயர்போட்டு விற்க ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. வெள்ளைப் பகுதி 15 முதல் 25 சென்ரிமீற்றர், வேரிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே அளந்தால் விட்டம் 1.7 முதல் 2.5 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் அந்த முத்திரை கிடையாது.

இங்கே அந்த விதையை வரவழைக்க அவசரப்படாதீர்கள். அது லேய்தா நகரத்துப் பின்பருவ வெள்ளை வெங்காய இனம். கிழங்கு கட்ட நீண்ட பகல் தேவை. நுவரெலியாவில் ஆண்டு முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியே நிற்கும், அதனால் இலை வரும், கிழங்கு கட்டாது. கிழங்கு இல்லாவிட்டால் இரண்டாம் முறை நட ஒன்றுமில்லை. விதையோ கிழங்கோ கொண்டுவருவதென்றால் விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதியும் வேண்டும், பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவர வேண்டாம்.

ஒரு பாத்தியில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. தம்புள்ளைப் பெரிய வெங்காயத்தில் முளைவிட்டதைப் பொறுக்கி, மேலே சொன்ன இடைவெளியில் நடுங்கள். நம் மண் புளிப்பு, முன்கூட்டியே டொலமைட் இட்டுப் புளிப்பைக் குறைத்து, pH அளவை 6க்கு மேல் கொண்டுவர வேண்டும். கெடுவது மழையால்தான். பாத்தியை உயர்த்தி வடிகால் வெட்டாவிட்டால் கிழங்கு அழுகும். இலை பிரியும் கவட்டுக்கு மேலே மண் ஏறக்கூடாது, உள்ளே தண்ணீர் தங்கி நடுக்குருத்து போய்விடும். தண்டு இரு பக்கமும் தட்டையாக இல்லாமல் உருண்டு வந்து, நடுவில் பூங்குச்சி கெட்டிப்பட்டால் பூக்கப் போகிறது என்று அர்த்தம், உடனே பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். சின்ன வெங்காயம் இதற்கு ஒத்துவராது, தண்டு மெலிந்து போகும்.

அதைச் சுடும் முறையும் தொட்டுக்கொள்ளும் கூட்டும் எழுத முடியுமா? லீக்ஸில் செய்யலாமா? (பண்டாரவளை)

செய்யலாம். கட்டைவிரல் பருமனுக்கு மேல் போகாத இளம் லீக்ஸாக எடுங்கள். வேரைக் கத்தரித்து, இலையின் நுனியை வெட்டி, மேல்தோலை உரிக்காமல் அப்படியே விட வேண்டும். அந்தத் தோல்தான் கருகிக்கொண்டு உள்ளே இருப்பதை வேகவைக்கும் மூடி.

வால்ஸில் திராட்சைக்கொடி வெட்டிய குச்சிகளை எரிக்கிறார்கள், தணலில் அல்ல, எழும்பி எரியும் சுவாலையில். தணலில் வைத்தால் தோல் கருகுமுன்பே உள்ளே சாறு வற்றிவிடும். நமக்குக் கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, இருக்கவே இருக்கிறது. நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும், பச்சை மிலாறு புகைந்து கசப்பேற்றும். மருந்தடித்த மலையின் மிலாறு வேண்டாம். யூக்கலிப்டஸ் விறகும் வேண்டாம், தைல வாடை ஏறிவிடும். வெளிப்புறம் முழுக்கக் கறுத்து, வெட்டிய நுனியில் சாறு நுரைத்து வரும்போது எடுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும், லீக்ஸுக்கு இன்னும் கொஞ்சம். எடுத்தவுடனே தின்னக்கூடாது. அங்கே செய்தித்தாளில் பொட்டலமாகச் சுற்றி அரை மணி நேரம் வைப்பார்கள். நாம் முதலில் வாழையிலையில் சுற்றி, அதன் மேலே தாளைச் சுற்றினால் மை ஒட்டாது. பரிமாறுவது கூரை ஓட்டில், சூடு ஆறாமல் இருக்கும்.

கூட்டின் பெயர் சல்விச்சாடா. ஆறு பேருக்கு: பழுத்த தக்காளி அரைக் கிலோ, முழு வெள்ளைப்பூடு ஒன்று, வறுத்த பாதாம் 50 கிராம், வறுத்த ஹேசல் கொட்டை 50 கிராம், ஞோரா என்ற காரமில்லாத உருண்டைக் காய்ந்த மிளகாய் 2, ஒலிவ் எண்ணெய் 150 மில்லிலீற்றர், வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, உப்பு. ஹேசல் கிடைக்காவிட்டால் தோல்நீக்கிய கச்சான். ஞோராவுக்குப் பதில் விதை நீக்கிய பெரிய செத்தல் மிளகாய் ஒன்றும், சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் பாதியும். செத்தலை மட்டும் கூட்டிப் போட்டால் காரம் மட்டும்தான் நிற்கும்.

தக்காளியையும் பூட்டையும் தோலோடு, சுருங்கும்வரை சுடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் தண்ணீர் விட்டுக் கூட்டு நீர்த்துப்போகும். மிளகாயை வெந்நீரில் அரை மணி ஊறவைத்துச் சதையைச் சுரண்டி எடுங்கள். முதலில் கொட்டைகளை அரைத்து, பிறகு மற்றவற்றைச் சேர்த்து, எண்ணெயைக் கடைசியில் சிறிது சிறிதாக ஊற்றி அரைக்க வேண்டும். கொட்டை கருகியிருந்தால் எதைப் போட்டாலும் கசப்பு போகாது. ஒலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், உங்கள் ஊர்க் குளிருக்கு உறைந்து கட்டிபட்டுவிடும்.

தின்னும் முறை: ஒரு கையால் இலையைப் பிடித்து, மறு கையால் கருகிய தோலை அடியிலிருந்து இழுத்தால் உறைபோல் கழன்று வரும். வெள்ளைத் தண்டைக் கூட்டில் தோய்த்து, தலையை அண்ணாந்து மேலிருந்து வாய்க்குள் இறக்க வேண்டும். சட்டைமேல் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மனிதக் கோபுரத்துக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததாமே. எங்கள் காமன் கூத்துக்கு ஏன் இல்லை? யாரிடம் எழுத வேண்டும்? (மஸ்கெலியா)

மனிதக் கோபுரம் 2010 நவம்பரில் யுனெஸ்கோவின் பிரதிநிதித்துவப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே அங்கே நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஒன்பது அடுக்கு ஏற்றிய ஊர் அது, பிறகு அந்தத் திறமை மங்கிப்போனது. 1981 ஒக்டோபரில் வால்ஸின் ‘பழைய குழு’ மறுபடி ஒன்பதை ஏற்றியது. அதையொட்டிய காலத்தில்தான் பெண்கள் குழுக்களில் பரவலாகச் சேர்ந்தார்கள், தண்டின் எடை குறைந்தது, ஆட்களும் பெருகினார்கள். ரோஸ் சட்டைப் பழைய குழுவுக்கும் சிவப்புச் சட்டை இளைஞர் குழுவுக்கும் ஊருக்குள் இருக்கும் போட்டி, எந்தப் பட்டியலையும்விட அந்தக் கலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம்.

விண்ணப்பம் நாட்டின் அரசு போட வேண்டியது, தோட்டக் கமிட்டி நேரே அனுப்ப முடியாது. மார்ச் 31 கடைசி நாள், தீர்மானம் அடுத்த ஆண்டு இறுதியில். நாட்டின் கலாசார மரபு இருப்புப் பட்டியலில் முதலில் பதிவாகியிருக்க வேண்டும். பத்துப் புகைப்படம், ஐந்து முதல் பத்து நிமிட வீடியோ, ஆடுகிற சமூகத்தின் எழுத்துமூலச் சம்மதம், இனிமேல் எப்படிப் பேணுவோம் என்ற திட்டம் ஆகியவை இணைக்கப்பட வேண்டும். இலங்கையிலிருந்து 2018இல் நூல் பொம்மலாட்டமும் 2021இல் தும்பறைப் பாய் நெசவும் இப்படித்தான் போயின. பட்டியலில் ஏறினால் பணம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், பிரதிநிதித்துவப் பட்டியலோடு பணம் வராது.

கூத்து நடத்துகிறவர்கள் இந்த மாசியிலேயே தொடங்கக்கூடிய வேலை: காமன் மரம் நட்ட நாளிலிருந்து தகனம் வரைக்கும் என்னென்ன சடங்கு, எந்தப் பொருள், யார் கையால் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ரதி, மதன், தூதன், வீரபத்திரன் வேஷம் கட்டுபவர்கள் பாடும் பாட்டை, மைதானச் சத்தத்தில் அல்லாமல், ஒரு வீட்டுக்குள் உட்காரவைத்துத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். தப்பின் அடிகளையும் தனியாக. வாத்தியார் வயதானவராக இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். பெட்டிசம் எழுதுவது அதற்குப் பிறகு.

போய்ப் பார்ப்பதென்றால் எந்த மாதம்? (ஹப்புத்தளை)

கோபுரத்துக்கென்றால் ஜூன் 24 புனித யோவான் திருநாளை ஒட்டி அல்லது ஒக்டோபரில். ஒக்டோபர் 21 புனித உர்சுலா திருநாளை ஒட்டிய ஞாயிறுதான் பெரிய நாள், இரண்டு குழுவும் பிளாட் சதுக்கத்தில் மாறிமாறி ஏற்றும். வெங்காயத்துக்கென்றால் ஜனவரி கடைசி ஞாயிறு. கந்தேலா மாதாவின் பத்தாண்டு விழா 1இல் முடியும் ஆண்டுகளில் வரும். 2021 விழா கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது, அடுத்தது 2031. செங்கன் விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி இணைக்க வேண்டும். சதுக்கம் சிறியது, ஒக்டோபர் ஞாயிறன்று காலையிலேயே போய் நிற்கவேண்டும். பின்யாவில் இடம் குறைந்தால் பக்கத்தில் நிற்பவரையும் கைகொடுக்கக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் கண்ணாடி, மணிக்கூடு, மோதிரம், சட்டைப்பையிலுள்ள கைபேசி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.